பாக்கெட்டின் பின்பக்கம்: அலர்ஜி லேபிள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் ஓடும் அலர்ஜி வரியைப் பணம் கொடுக்கும் முன்பே படித்துவிடுங்கள் என்று ஒரே ஒரு பத்தி எழுதினேன். வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு எந்த எண்ணெய் நல்லது, தேன் அசலா என்று எப்படிப் பார்ப்பது என்றுதான் கடிதம் வரும். இந்த முறை முக்கால்வாசி அலர்ஜி பற்றித்தான். வைத்தியம் கேட்டு வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன், அதை டாக்டரிடம் கேளுங்கள். பாக்கெட் உணவு ஆலைகளில் தரக்கட்டுப்பாடு பார்த்த ஆள் நான்; எனக்குத் தெரிந்தது லேபிள்.

என் மகனுக்கு நாலு வயது. நிலக்கடலை பட்டாலே உதடு வீங்கி மூச்சு இழுக்கிறது. ஒரு கம்பெனி பிஸ்கட்டில் ‘மே கன்டெய்ன் நட்ஸ்’ என்று போட்டிருக்கிறது, இன்னொரு கம்பெனி பிஸ்கட்டில் அப்படி எதுவுமே இல்லை. எதுவும் போடாததை வாங்கிக் கொடுக்கலாம்தானே சார்?
— ஒரு தாய், ஈரோடு

அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள் அம்மா. பாக்கெட்டில் இரண்டு விதமான வரி இருக்கும். ‘கன்டெய்ன்ஸ்’ (உள்ளது) என்று ஆரம்பிப்பது கட்டாயம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 2020 லேபிள் விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது: கோதுமை, பார்லி, ஓட்ஸ் மாதிரி க்ளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, அப்புறம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறையாத சல்ஃபைட் (கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம்). இவற்றில் எதைச் சேர்த்தாலும் தனியாக எடுத்துச் சொல்லியே ஆகவேண்டும்.

‘மே கன்டெய்ன்’ (இருக்கலாம்) வேறு. சேர்க்கவில்லை, ஆனால் அதே மெஷினில் கடலை பிஸ்கட்டும் ஓடுவதால் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை அது. இதை விதி ‘குறிப்பிடலாம்’ என்கிறதே தவிர, எவ்வளவு ஒட்டினால் போடவேண்டும் என்று அளவு வைக்கவில்லை. ஆகவே ஒன்றுமே போடாத பாக்கெட்டுக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அந்த ஆலைக்குள் கடலையே நுழைவதில்லை, அல்லது இதைப் பற்றி அங்கே யாருமே யோசித்ததில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பாக்கெட்டில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்கோ மெயிலுக்கோ, “இதே லைனில் நிலக்கடலை ஓடுகிறதா, நடுவில் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்” என்று நேராகக் கேளுங்கள். ஒழுங்கான கம்பெனி பதில் சொல்லும். “எங்கள் தயாரிப்புகள் உயர்ந்த தரத்தில் தயாராகின்றன” என்று மட்டும் வந்தால் அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வேறு பிஸ்கட் பாருங்கள். இன்னொன்று, பழகிய பிராண்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் படியுங்கள். பத்து ரூபாய் பாக்கெட் ஓர் ஆலையிலும் ஃபேமிலி பேக் வேறு ஆலையிலும் தயாராகலாம்.

வைத்தியம் சொல்லமாட்டேன் என்றேன், ஆனாலும் இது ஒன்று. மூச்சு இழுக்கும் அளவுக்குப் போகிற குழந்தை என்றால், வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. அந்த நேரத்துக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அதை யார், எப்போது, எப்படிப் போடுவது என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி, பள்ளியிலும் ஒரு நகல் கொடுத்துவையுங்கள்.

நான் ஒரு தின்பண்ட ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். “எல்லா ரேப்பரிலும் எல்லா அலர்ஜிப் பொருளையும் ‘மே கன்டெய்ன்’ என்று போட்டுவிடு, பிரச்சினை முடிந்தது” என்கிறார் மேனேஜர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன சொல்லி மறுப்பது?
— வாசகர், ஓசூர்

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. எல்லாவற்றிலும் போட்டால் அந்த வரிக்கு மதிப்பே போய்விடும். அலர்ஜி உள்ள குடும்பம் கொஞ்ச நாள் பயந்து ஒதுக்கும், அப்புறம் “இதை எல்லாத்துலயும்தான் போடறாங்க” என்று சாப்பிட ஆரம்பிக்கும், நிஜமாகவே கடலை கலந்த பாக்கெட் அன்றைக்குத்தான் வந்து சேரும். நீங்கள் மேனேஜரிடம் மனசாட்சி பற்றிப் பேசாதீர்கள், அது எடுபடாது. தப்பு எங்கே நடக்கிறது என்று காட்டுங்கள்.

அமெரிக்காவில் பல வருடங்களாகவே உணவுப் பொருட்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதற்கு முன்னணிக் காரணம், லேபிளில் சொல்லாத அலர்ஜிப் பொருள். அதிலும் பெரும் பங்கு சரக்கில் ஏதோ விழுந்துவிட்டதால் வருவதில்லை, சரியான சரக்கைத் தப்பான ரேப்பரில் போட்டதால் வருவது. முந்திரி பிஸ்கட்டும் வெண்ணெய் பிஸ்கட்டும் ஒரே நிற ரேப்பர், ஷிஃப்ட் மாறுகிற நேரம், ரோல் தீர்ந்து அடுத்த ரோலை ஒட்டுகிறார்கள், ஒட்டினது எது என்று யாரும் பார்ப்பதில்லை. அல்லது ரெசிபி மாறி மூன்று மாதம் ஆகியிருக்கும், பழைய ரேப்பர் ரோல் ஸ்டோரில் மிச்சம் இருக்கிறது, “வீணாக்காதே, ஓட்டு” என்று மேலேயிருந்து உத்தரவு. இந்த இரண்டுக்கும் ‘மே கன்டெய்ன்’ வரி மருந்தே கிடையாது. ரோல் மாற்றும்போதெல்லாம் ரேப்பரில் இருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்து சரக்கோடு ஒத்துப் பார்ப்பதும், எத்தனை ரேப்பர் உள்ளே போனது எத்தனை பாக்கெட் வெளியே வந்தது எத்தனை கிழிந்தது என்று ஷிஃப்ட் முடிவில் கணக்கு நேர் செய்வதும்தான் மருந்து.

அடுத்தது, வாங்குகிற மசாலாக் கலவை. சிப்ஸ் மேல் தூவும் தக்காளி மசாலாவைச் சப்ளையர் ஒரு மாதம் பால் பவுடர் இல்லாமல் அனுப்புவார், அடுத்த மாதம் ருசி கூட்டுவதற்குச் சேர்த்திருப்பார். அவர் அனுப்பும் விவரத்தாள் உங்கள் கோப்பில் இரண்டு வருடம் பழையதாக இருந்தால் உங்கள் லேபிளும் இரண்டு வருடம் பழையது. அப்புறம் ரீவொர்க். உடைந்த பிஸ்கட்டைப் பொடித்து அடுத்த மாவில் கலப்பது எல்லா ஆலையிலும் உண்டு, அது தப்பில்லை, ஆனால் முந்திரி பிஸ்கட் பொடி எந்த மாவில் போகிறது என்று எழுதி வைக்காத இடத்தில் அலர்ஜி லேபிள் வெறும் அலங்காரம்.

மெஷினைப் பொறுத்தவரை, அலர்ஜிப் பொருள் இல்லாததைக் காலையில் முதலில் ஓட்டுங்கள், கடலை சரக்கைக் கடைசியில் ஓட்டி அதன் பிறகு முழுச் சுத்தம். சாக்லேட் லைனில் இதுவும் கஷ்டம், தண்ணீர் பட்டால் சாக்லேட் கெட்டுவிடும் என்பதால் கழுவ முடியாது, அடுத்த சாக்லேட்டையே ஓட்டித்தான் முந்தினதைத் தள்ளவேண்டும். அதனால்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கடைகளிலிருந்து டார்க் சாக்லேட்டுகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தபோது, பால் சேர்க்காதவை என்று லேபிள் காட்டியவற்றில் பாதிக்கு மேல் பால் இருந்தது.

எவ்வளவு ஒட்டினால் எச்சரிக்கவேண்டும் என்பதற்கு எண்ணே இல்லை என்று மேனேஜர் சொன்னால், இருக்கிறது என்று சொல்லுங்கள். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு அளவுகள் பரிந்துரைத்திருக்கிறது: ஒரு முறை சாப்பிடுவதில் நிலக்கடலைப் புரதம் 2 மில்லிகிராம், பால் 2, முட்டை 2, முந்திரி 1, கோதுமை 5, இறால் 200 என்ற மாதிரி. 2 மில்லிகிராம் புரதம் என்பது ஒரு நிலக்கடலைப் பருப்பில் நூறில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வரும். நம் நாட்டில் இது சட்டம் இல்லை. ஆனால் சோதனைச் சாலையில் அளந்து, இதற்குக் கீழே இருந்தால் வரியை எடுப்பது, மேலே இருந்தால் போடுவது என்று முடிவெடுக்க ஒரு பிடிமானம் கிடைக்கும்.

எச்சரிக்கையைக் குறுக்கு வழியாக்கினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் கட்டாயப் பட்டியலில் ஏறியது. எள் இல்லாமல் லைனைச் சுத்தமாக வைப்பதைவிட எளிது என்று சில ரொட்டிக் கம்பெனிகள் வேண்டுமென்றே கொஞ்சம் எள் மாவைப் பன்னில் சேர்த்து ‘எள் உள்ளது’ என்று போட்டுவிட்டன. லேபிள் நூறு சதம் சரி. அதுவரை அந்தப் பன்னைச் சாப்பிட்டு வந்த எள் அலர்ஜிக் குழந்தைகளுக்குத்தான் ஒரு பன் குறைந்தது.

இந்த விவரமெல்லாம் ஏன் தமிழில் இல்லை? எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும்.
— வாசகி, விருதுநகர்

ஏனென்றால் விதி அப்படி. லேபிள் விவரம் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும், மற்ற மொழி வேண்டுமானால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இதில் கோபம் உண்டு. விளம்பரம் தமிழில், பாக்கெட் முன்னால் பெரிய எழுத்துப் பெயர் பல சமயம் தமிழில், குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட வரி மட்டும் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கிற கம்பெனிகளாவது இந்த ஒரு வரியைத் தமிழில் போட யார் தடுக்கிறார்கள்? அதுவரை, உங்கள் வீட்டுக்கு ஆகாத பொருளின் ஆங்கில எழுத்தை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேர்மானப் பட்டியலின் கடைசியிலோ அதற்குக் கீழேயோ தடித்த எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கணவருக்குச் சீலியாக் நோய், கோதுமை துளியும் ஆகாது. சப்பாத்தி, ரவை, மைதா எல்லாம் நிறுத்திவிட்டோம். அரிசிச் சாப்பாடுதான். இருந்தும் வயிறு சரியாகவில்லை. எதை விட்டுவிட்டேன்?
— வாசகி, கோவை

பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயப் பிசினின் காரம் தாங்காது என்பதால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் கட்டியாகவோ தூளாகவோ ஆக்குகிறார்கள், அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று தினமும் மூன்று வேளையும் போகிறதே! அரிசி மாவில் செய்ததும் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். கடைச் சாம்பார் பொடி, ஊறுகாயில் ‘பெருங்காயம்’ என்று மட்டும் இருந்தால் அதற்குள் என்ன மாவு என்று தெரியாது, ஒதுக்கிவிடுவது நல்லது. ‘க்ளூட்டன் ஃப்ரீ’ என்று போட்டிருந்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக்கூடாது என்பது கணக்கு. ஓட்ஸும் அந்தச் சொல் இல்லாமல் வேண்டாம், கோதுமையோடு சேர்ந்து அரைபடுகிற சரக்கு அது.

செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் கடலை அலர்ஜிக்காரர்களுக்கு ஆகுமா? எண்ணெய்க் கடையில் “எண்ணெயில் அலர்ஜி கிடையாது” என்கிறார்கள்.
— வாசகர், காங்கேயம்

அலர்ஜியைக் கிளப்புவது கடலையின் புரதம். ரீஃபைண்ட் எண்ணெயில் சூடாக்கி, வெளுத்து, வடித்து வருவதால் புரதம் ஏறக்குறைய போய்விடுகிறது. செக்கு எண்ணெயில் அப்படி எதுவும் செய்வதில்லை, அதனால்தானே அந்த மணம். அடியில் தங்கும் மண்டியைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கச் சட்டம் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய்க்கு மட்டும்தான் விலக்கு தருகிறது. நம்முடைய விதி, பட்டியலில் உள்ள பொருட்களிலிருந்து எடுத்த எண்ணெய்களுக்குப் பொதுவாகவே விலக்கு தருகிறது, செக்கா ரீஃபைண்டா என்று பார்ப்பதில்லை. செக்கு எண்ணெய்க்கு ஊரெல்லாம் கடை இருக்கிற நாட்டில் இது பெரிய ஓட்டை. அதனால் முறுக்குப் பாக்கெட்டில் ‘கன்டெய்ன்ஸ்’ வரியில் கடலை இல்லாவிட்டாலும், சேர்மானப் பட்டியலில் எந்த எண்ணெய் என்று பாருங்கள், பெயர் போட்டிருப்பார்கள். கடலை அலர்ஜி உள்ள வீட்டில் செக்குக் கடலை எண்ணெய் வேண்டாம்.

ஸ்வீட் கடையில் முந்திரி கேக் வாங்கினோம். கடலை வாசனை அடித்தது. இது கலப்படமா, அலர்ஜி பிரச்சினையா?
— வாசகர், நாகர்கோவில்

இரண்டும். முந்திரி விலைக்கும் நிலக்கடலை விலைக்கும் இருக்கும் தூரம் ஊருக்கே தெரியும். கடலையைப் பச்சைச் சாயத்தில் தோய்த்துச் சீவி, பிஸ்தா என்று இனிப்பு மேல் தூவுவதும் பழைய வித்தை. காசு ஏமாந்ததோடு போனால் பரவாயில்லை, ஆனால் முந்திரி ஒத்துக்கொள்கிற, கடலை ஒத்துக்கொள்ளாத ஆள் சாப்பிட்டால்? இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் ஓர் இந்திய உணவகத்தில் நடந்தது. வாடிக்கையாளர் கொட்டை எதுவும் வேண்டாம் என்று சொல்லித்தான் சிக்கன் டிக்கா மசாலா வாங்கினார், டப்பா மூடியிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் செலவைக் குறைக்க உரிமையாளர் பாதாம் பொடிக்குப் பதில் கடலை கலந்த மலிவான பொடிக்கு மாறியிருந்தார். 2014 ஜனவரியில் அந்த வாடிக்கையாளர் இறந்தார். 2016-இல் உரிமையாளருக்கு ஆறு வருடச் சிறை.

நம் ஊரில் தட்டில் அடுக்கி எடைபோட்டுத் தருகிற இனிப்புக்கு இப்படி ஒரு லேபிளே கிடையாது. பத்து கிளையோ அதற்கு மேலோ வைத்திருக்கும் பெரிய ஓட்டல்கள் அலர்ஜி விவரத்தைப் பட்டியலிலோ கையேட்டிலோ தரவேண்டும், கேட்டுப் பாருங்கள், சிப்பந்திக்கே தெரிந்திருக்காது.

பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று அர்த்தமா?
— வாசகி, செங்கல்பட்டு

இல்லை. பால் நமக்குச் சைவம்தான், பச்சைப் புள்ளிக்குள்ளேயே வரும். ‘நான்-டெய்ரி’ க்ரீமர் என்று வருவதிலும் சோடியம் கேசினேட் இருக்கலாம், அது பால் புரதம். ‘லாக்டோஸ் ஃப்ரீ’ பாலில் சர்க்கரையைத்தான் உடைத்திருக்கிறார்கள், புரதம் அப்படியே இருக்கிறது. சேர்மானப் பட்டியலில் வரும் எண்களில் 322 என்றால் லெசித்தின், பெரும்பாலும் சோயா. 220 முதல் 228 வரை சல்ஃபைட், பிஸ்கட்டில் அடிக்கடி பார்க்கும் 223 இதில் ஒன்று.

எங்கள் காலத்தில் ஏது இந்த அலர்ஜியெல்லாம்? புழுதியில் விளையாடி எல்லாவற்றையும் தின்றோம்.
— மூத்த வாசகர், தஞ்சாவூர்

இருந்தது ஐயா. கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம், உனக்கு ஆகாது என்று உங்கள் பாட்டி யாரையாவது விலக்கி வைத்திருப்பார். அவருக்கு வசதி, அடுப்பில் என்ன போகிறது என்று அவருக்கே தெரியும். இன்றைக்குப் பத்துப் பதினைந்து பொருள் சேர்ந்த பாக்கெட்டை யாரோ எங்கேயோ செய்கிறார்கள்.

சென்னையிலிருந்து இட்லிப் பொடி, சாம்பார் பொடி கொண்டுவருகிறோம். பேத்திக்கு எள்ளும் கடுகும் ஆகாது. இந்திய லேபிளை நம்பலாமா?
— வாசகி, ஸ்கார்பரோ, கனடா

இந்த இரண்டுக்கும் நம்பாதீர்கள். கனடாவின் பட்டியலில் எள், கடுகு இரண்டும் உண்டு, நம் பட்டியலில் இரண்டும் இல்லை. இட்லிப் பொடியில் எள் சேர்மானப் பட்டியலில் இருக்கும், ஆனால் தனியே எச்சரிக்கை இருக்காது. கடுகு இன்னும் மோசம், ‘ஸ்பைசஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளலாம். அங்கே கடையில் விற்கும் இந்தியப் பாக்கெட் என்றால், மேலே ஒட்டிய ஸ்டிக்கரையும் அடியில் அச்சான பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் வேறு வேறாக இருந்தால் வாங்கவேண்டாம்.

கலப்பு எதிர்த் திசையிலும் நடக்கிறது. 2024 செப்டம்பரில் பிரிட்டன் உணவுத் தர முகமை, கடலை அலர்ஜி உள்ளவர்கள் கடுகு சேர்ந்த எதையுமே தவிர்க்கச் சொன்னது, இந்தியாவிலிருந்து போன கடுகுத் தூளில் நிலக்கடலை இருந்ததுதான் காரணம். அதற்குப் பத்து வருடம் முன்னால் சீரகத் தூளில் கடலை இருந்ததாக அமெரிக்காவில் பெரிய அளவில் திரும்பப் பெற்றார்கள். பொடியை வீட்டிலேயே வறுத்து அரைப்பது உங்களுக்கு நல்லது, முழுச் சாமானில் வேறு பருப்பு கலந்திருந்தால் கண்ணுக்காவது தெரியும்.

வீட்டிலிருந்தே பொடி வகை செய்து விற்கிறேன். பதிவு எண் வாங்கிவிட்டேன். அலர்ஜி பற்றி என்ன எழுதவேண்டும்?
— வாசகி, கும்பகோணம்

முதலில் சேர்த்ததெல்லாம் எழுதுங்கள், பெருங்காயத்துக்குள் இருக்கும் மாவு உட்பட. அடுத்து ‘கன்டெய்ன்ஸ்’ வரி. எள்ளையும் கடுகையும் சட்டம் கேட்காவிட்டாலும் அதில் சேர்த்துவிடுங்கள், யாரும் வழக்குப் போடமாட்டார்கள். ஒரே மிக்ஸியில் கடலைப் பொடியும் பருப்புப் பொடியும் அரைக்கிறீர்கள் என்றால் பருப்புப் பொடியில் ‘நிலக்கடலை இருக்கலாம்’ என்று போடுங்கள். ஜாரைக் கழுவினாலும் பிளேடின் அடியில் தங்கும், முடிந்தால் கடலைக்குத் தனி ஜார். ஒரு நாள் பொட்டுக்கடலை தீர்ந்துபோய் வறுத்த நிலக்கடலையைப் போட்டு ஒப்பேற்றத் தோன்றும். அன்றைக்கு அந்த லேபிளை ஒட்டக்கூடாது.

லேபிளில் இல்லாத பொருள் உள்ளே இருந்தால் எங்கே புகார் செய்வது?
— வாசகர், சேலம்

உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலரிடம், அல்லது ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ வழியாக. தப்பான லேபிளுக்கு 2006 சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புகார் கொடுத்துப் பயன் இல்லை. பேட்ச் எண், தயாரித்த தேதி, பில் மூன்றையும் போட்டோ எடுங்கள். மிச்சச் சரக்கை அதே பாக்கெட்டில் மடித்துக் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதே பேட்ச் கடையில் இன்னும் இரண்டு பாக்கெட் இருந்தால் பிரிக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிரித்த பாக்கெட்டை “உங்கள் வீட்டில்தான் கலந்திருக்கும்” என்று கம்பெனி எளிதாகத் தள்ளிவிடும்.